பதினேழாம் அறையின் திருகாணி

நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். வீட்டுக் கடிகாரத்துக்கு ஞாயிறுதோறும் காலையில் சாவி கொடுப்பேன். பதினொரு வருடத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. என் பூட்ஸை நானேதான் துடைப்பேன். மனைவி துடைத்தால் குதிகால் பக்கத்தை விட்டுவிடுகிறாள்.

ஆகவே நேற்று ஜெயில் கவர்னர் என்னைக் கூப்பிட்டு, விசாரணைக்கு வந்த துரைமார்களாகிய உங்கள் மூவரின் அறிக்கையை வாசித்துக் காட்டியபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 'பதினேழாம் அறைக் கைதி எஸ்ரா ஹோல்ட்டின் மரணத்துக்கு, வார்டர் ஜாபெஸ் கிரிம்ஷா கைச்சக்கரத்தின் திருகாணியைக் கவனிக்காமல் விட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். இது கவனக்குறைவு. வார்டரை எச்சரித்து விட்டால் போதும்.'

கவர்னர் காகிதத்தை மடித்துக்கொண்டே சிரித்தார். கப்பற்படையில் இருந்து வந்த மனிதர். எங்களை எல்லாம் 'டா' போட்டுத்தான் பேசுவார்.

"தப்பிச்சடா கிரிம்ஷா. உன்னைத் தொலைச்சுக் கட்டிருவாங்கன்னு நெனச்சேன். ஒரு எச்சரிக்கையோட போச்சு. வீட்டுக்குப் போயி நல்லா சாப்பிடு, போ."

"நான் எதையும் கவனிக்காம விடலீங்க," என்றேன்.

"விட்டேன்னுதான் எழுதியிருக்கு. வாய மூடிக்கிட்டு வாங்கிக்குவியா, வியாக்கியானம் பண்ணிக்கிட்டு நிப்பியா?"

போய்விட்டேன். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என்னைக் கெட்டவன் என்று எழுதியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கவனக்குறைவானவனாம். ஆகவே இதை எழுதுகிறேன். நிதானமாக, ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

கைச்சக்கரம் உங்களுக்குத் தெரியாததல்ல. உங்களைப் போன்ற துரைமார்கள்தான் அதைச் சிறைக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். அறைக்கு ஒன்று. நான்கு கால் வைத்த இரும்புப் பெட்டி. உள்ளே மணல், மணலுக்குள் ஒரு தகட்டுச் சக்கரம், வெளியே கைப்பிடி. கைதி அதைச் சுற்ற வேண்டும். சுற்றினால் மாவு அரைபடாது, தண்ணீர் இறைபடாது, ஒன்றும் ஆகாது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் சுற்று. முதல் இரண்டாயிரம் முடிந்தால்தான் காலைக் கஞ்சி. எத்தனை சுற்று ஆனது என்பதைப் பெட்டியின் முகப்பில் ஒரு முள் காட்டும். அறைச் சுவருக்கு வெளியே, நடைபாதைப் பக்கம், திருகாணி இருக்கிறது. அதை முடுக்கினால் உள்ளே கைப்பிடி இறுகும். அதற்கான சாவி எங்கள் வரிசைக்கு ஒன்றே ஒன்று. அது என் இடுப்பில்தான் தொங்கும்.

திருகாணி தானாக இறுகாது. இதைப் புரிந்துகொள்ள மூன்று துரைமார் ஒன்பது நாள் உட்கார்ந்து ஷெர்ரி குடித்திருக்க வேண்டியதில்லை. நான் முடுக்கினேன், அது இறுகியது.

எஸ்ராவை எனக்குச் சிறைக்கு வருமுன்பே தெரியும். ஒரே ஊர். அவன் பஞ்சாலையில் நூல் நூற்பவன், நான் அந்த ஊர்ப் போலீஸ்காரன். போலீஸ் என்பது அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதிது. நீலக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் பெண்கள்கூடக் கேலி பேசுவார்கள். "ஏ ஜாபெஸ், தொப்பிக்குள்ள என்னடா, கோழியா?" என்று கத்துவார்கள். எஸ்ரா மட்டும் கத்தியதில்லை. வழியில் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போவான்.

மார்ச் மாதம் ஆலையில் கூலியைக் குறைத்தார்கள். ஆட்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு முதலாளி ஹாஸ்லம் வண்டியில் ஆலைச் சந்து வழியே வரும்போது யாரோ கல்லெறிந்தார்கள். அவருக்கு இடது கண் போய்விட்டது. எறிந்தது எஸ்ரா ஹோல்ட், என் கண்ணால் பார்த்தேன் என்று நான் வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சாட்சி சொன்னேன். அவனுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது.

நான் பார்க்கவில்லை. ஆலைச் சந்திலேயே நான் இல்லை.

இதில் என் தவறு என்ன, உங்கள் ஏற்பாட்டின் தவறு என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ரோந்துப் போலீஸ்காரன் எந்த மணிக்கு எந்த முக்கில் நிற்க வேண்டும் என்று ஒரு அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நான்கு மணிக்கு ஆலைச் சந்து, நாலேகாலுக்குச் சந்தைக் குழாயடி. அங்கே சார்ஜெண்ட் வந்து பார்ப்பார். எல்லாப் போலீஸ்காரர்களையும் போல நானும் என் குறிப்புப் புத்தகத்தைக் காலையிலேயே முழு நாளுக்கும் எழுதிவிடுவேன். நான்கு மணி, ஆலைச் சந்து, எல்லாம் அமைதி. கல் விழுந்த பிறகு சார்ஜெண்ட் அந்தப் புத்தகத்தைப் பிரித்தார்.

"நாலு மணிக்கு அங்கதான் நின்னிருக்க. அப்ப எறிஞ்சவனப் பாத்திருக்கணுமே?"

தொப்பியைக் கழற்றி விளிம்பைத் துடைத்தேன்.

"பாத்தியா இல்லியாய்யா? பாக்கலன்னா நீ அங்க இல்ல. அங்க இல்லன்னா இந்தக் கோட்ட இப்பவே கழட்டி வச்சிட்டுப் போ. சொல்லு, யாரு?"

நான்கு மணி என்றதும் என் நினைவுக்கு வந்த முகம் ஒன்றுதான். அந்தப் பெயரைச் சொன்னேன். ஏன் அந்த முகம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பட்டப்பகலில் குடித்துவிட்டுச் சர்ச் படியில் விழுந்து கிடந்தேன் என்று அந்த வேலையும் போயிற்று. அந்த ஆண்டு எங்கள் மாவட்டத்தில் போலீஸ்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். ஹாஸ்லம் முதலாளி நன்றியுள்ளவர். தன் கண்ணுக்கு நியாயம் வாங்கித் தந்தவன் என்று எனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். அதை வைத்துத்தான் சிறையில் வார்டரானேன். அதன் பிறகு ஒரு சொட்டுக் குடித்ததில்லை. சிறை என்னை மனிதனாக்கியது. இங்கே எல்லாவற்றுக்கும் மணி இருக்கிறது, எல்லோருக்கும் எண் இருக்கிறது, யாரும் பேசக்கூடாது. கைதி அறையை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்கு மட்டும் துளை வைத்த துணியால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு நிம்மதியான இடத்தை நான் பார்த்ததில்லை.

வந்து ஐந்தாம் மாதம் பதினேழாம் அறைக்குப் புதிய கைதியை மாற்றினார்கள். கதவுத் துளை வழியே பார்த்தேன். எஸ்ரா. அவனும் பார்த்தான். மெல்லத் தலையசைத்தான், தெருவில் அசைப்பானே, அதேபோல. அவன் விடுதலைக்குப் பதினொரு வாரம் இருந்தது. பதினொரு வாரமும் அவன் பேச முடியாது, விதி அப்படி. ஆகவே நான் பயப்படவில்லை.

தேவாலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே கைதிகளை ஆளுக்கொரு மரக்கூண்டில் நிற்க வைப்போம். பாதிரியாரைத் தவிர யாரையும் பார்க்க முடியாது. ஆனால் பாட்டுப் பாடலாம். வாரம் முழுக்க மூடிக் கிடந்த வாய் அப்போதுதான் திறக்கும், கூரை அதிரப் பாடுவார்கள். புதிய பாதிரியார் பூரித்துப் போவார். கொஞ்ச நாள் காதுகொடுத்துக் கேட்ட வார்டருக்குத்தான் தெரியும், பாதிப் பேர் துதிப்பாட்டின் ராகத்தில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பது.

அன்றைக்கு அப்படித்தான் பதினாறாம் அறைக்காரன் ராகம் பிசகாமல் கேட்டான்: "புது வார்டர் யாருடா, மூஞ்சியில உப்பில்ல."

எஸ்ரா அதே ராகத்தில் நீட்டிப் பாடினான்: "எங்க ஊர்க்காரன்தாண்டா, நல்லாத் தெரியும் எனக்கு, ஒருநாள் சாயங்காலம் அவன நான்..."

அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. ஆமென் என்றார்கள்.

பதினாறாம் அறைக்காரனை அன்றே வேறு வரிசைக்கு மாற்றச் செய்தேன். சாயங்காலம் பலகையைப் பார்த்தேன். மாதம் ஒரு வியாழக்கிழமை மேற்பார்வை நீதிபதி வருவார். அவரிடம் நேரில் பேச விரும்பும் கைதிகளின் எண்ணைப் பாதிரியார் அந்தப் பலகையில் எழுதி வைப்பார். அங்கே ஒரே ஒரு எண் இருந்தது. பதினேழு.

பொய்ச்சாட்சி என்றால் ஏழு வருடம் கடல் தாண்டி நாடு கடத்துவார்கள். எனக்கு மனைவி இருக்கிறாள், வீடு இருக்கிறது, ஐந்து மாதமாகக் குடிக்காமல் கட்டிக் காத்த பெயர் இருக்கிறது. அதையெல்லாம் ஒருவன் ஒரு வியாழக்கிழமையில் பேசித் தீர்த்துவிடப் பார்த்தால் சும்மா இருப்பீர்களா? நீதிமன்றத்தில் அவன் என்னைப் பற்றி வாய் திறக்கவில்லை, உண்மைதான். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே கிடந்தவனை எப்படி நம்புவது?

நான் நினைத்தது ஒரே ஒரு நாள்தான், இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தந்த வேளைக்குரிய சுற்றுகளை முடிக்காத கைதி யார் வந்தாலும் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று விதி. ஆகவே வியாழன் காலையில் திருகாணியை ஒன்றரைச் சுற்று முடுக்கினேன். மத்தியானம் வரைக்கும் எஸ்ராவின் முள் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. திட்டம் சரியாக நடந்தது. நீதிபதி துரைதான் வரவில்லை. பறவை சுடப் போய்விட்டார்.

அடுத்த வியாழன் வருவதாகச் சொன்னார்கள். மறுபடி முடுக்கினேன். காலில் வாதம், வரமுடியாது என்று ஆள் வந்து சொன்னான். அப்புறம் கவர்னருக்கு ஒரு கடிதம் வந்தது, வசதிப்பட்ட ஒரு நாள் சொல்லாமல் வருவேன் என்று. சொல்லாமல் வருகிறவருக்கு நான் எந்த நாளை ஒதுக்குவது? எல்லா நாளும் முடுக்க வேண்டியதாயிற்று. அந்த மனிதர் சொன்ன வியாழனில் வந்து தொலைத்திருந்தால் எஸ்ரா இன்றைக்கு உயிரோடு இருப்பான். உங்கள் அறிக்கையில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. பறவை சுட்டவருக்கு ஒன்றுமில்லை, நான் மட்டும் கவனக்குறைவானவன்.

மீதியைச் செய்தது உங்கள் விதிப்புத்தகம். இரண்டாயிரம் ஆகாவிட்டால் கஞ்சி இல்லை. கஞ்சி இல்லாதவனுக்கு மத்தியானம் ஐயாயிரம் ஆகாது, ஆகவே மத்தியானச் சாப்பாடும் இல்லை. சாயங்காலம் ஒரு துண்டு ரொட்டி, தண்ணீர். மறுநாள் அவன் இன்னும் குறைவாகச் சுற்றுவான். நான் இதைக் கண்டுபிடிக்கவில்லை. படித்தவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, உழைக்காதவனுக்குச் சோறு எதற்கு என்று பேசி, கண்டுபிடித்துக் கொடுத்தது. நான் சாவியைத் திருகியவன், அவ்வளவுதான்.

தினமும் முடுக்கத் தொடங்கிய ஆறாம் நாள் அவன் உள்ளங்கைத் தோல் கழன்றது. கைப்பிடி ஈரமாக இருக்கும். தினமும் சாயங்காலம் நானே துணியால் துடைத்து வைத்தேன். வேறெந்த வார்டரும் அப்படிச் செய்ய மாட்டான்.

ஒன்பதாம் நாள் டாக்டரைக் கூப்பிட்டேன். கூப்பிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர் கதவுத் துளை வழியாகவே பார்த்தார்.

"என்னப்பா, வேலைன்னா உடம்பு வளையலியோ? நாக்க நீட்டு பாப்போம். ம். நாக்கு நல்லாத்தான் இருக்கு. நடிக்கிறான், கிரிம்ஷா."

"கைப்பிடி கொஞ்சம் இறுக்கமா இருக்குங்கய்யா," என்றான் எஸ்ரா உள்ளேயிருந்து.

"வேல செய்யாதவனுக்கு எல்லாமே இறுக்கமாத்தான் இருக்கும்," என்று சொல்லி டாக்டர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அவர் உள்ளே போய் அந்தக் கைப்பிடியில் ஒரு தரம் கை வைத்துப் பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். இரண்டடி நடக்கச் சோம்பல். என்னை அல்ல, அந்த ஆளைக் கவனக்குறைவு என்று எழுதுங்கள்.

பதினாறாம் நாள் மத்தியானம் துளை வழியே பார்த்தபோது அவன் தரையில் உட்கார்ந்து, கைப்பிடியை இரண்டு முழங்கையாலும் அணைத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். முள் நானூற்றுச் சொச்சத்தில் நின்றது. என் பூட்ஸ் சத்தம் அவனுக்குப் பழகியிருக்க வேண்டும். திரும்பாமலே பேசினான்.

"ஜாபெஸ், இதுல என்னமோ பழுதுடா. உள்ள மணல் கட்டி தட்டிருச்சோ என்னமோ. நீ ஒருவாட்டி வந்து பாக்க மாட்டியா? நீ சொன்னா கேப்பாங்கடா."

பழுது என்று நினைத்தான். அத்தனை நாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். என் மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? இப்படி ஒரு மனிதன் இருப்பானா? என் புத்தகத்தை எடுத்து, 'பதினேழு, பேசிய குற்றம், ஒரு தரம்' என்று எழுதினேன். தேதியும் நேரமும் போட்டேன். நீங்களே பார்த்திருப்பீர்கள். நான்கு மணிக்குத் திரும்பி வந்தபோது அவன் அதே இடத்தில் சாய்ந்திருந்தான், மூச்சு இல்லை. முதல் வேலையாகத் திருகாணியை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தப் போனேன். அதற்குள் கவர்னர் வந்துவிட்டார். அதனால்தான் அது இறுகியபடியே உங்கள் கண்ணில் பட்டது.

அவன் இறந்த நான்காம் நாள் மனைவி டார்க்கஸ் அவன் துணிமணி வாங்க வாசலுக்கு வந்தாள். பதினோரு மைல் நடந்து வந்திருந்தாள். சால்வைக்குள் ஒரு பெண் குழந்தை, அவன் உள்ளே போன பிறகு பிறந்தது. மூட்டையைக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள்.

"அண்ணே, நீங்க இங்க இருக்கீங்கன்னு அவரு பாதிரியார்கிட்ட சொல்லிக் கடுதாசி எழுதியிருந்தாரு," என்றாள். "நம்ம ஜாபெஸ் இங்கதான் இருக்கான், இனிமே கவலைப்படாதன்னு. அதக் கேட்டப்புறந்தான் எனக்கு ராத்திரியில தூக்கமே வந்துச்சு."

நான் மூட்டையை நீட்டினேன்.

"நீதிபதி துரைகிட்ட கேட்டு, ஒருவாட்டி இவளத் தூக்கிட்டு வந்து காட்ட அனுமதி வாங்குறேன்னு சொல்லியிருந்தாரு. கேட்டாரான்னு தெரியுமா அண்ணே?"

"துரை வரலம்மா."

"கஷ்டப்பட்டாராண்ணே?"

"இல்ல. தூக்கத்துலேயே போயிட்டான்."

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுக்கவில்லை. மரியாதையாக இருக்காது.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்றது. அந்த மார்ச் மாதம், சாயங்காலம் நான்கு மணிக்கு நான் ஆலைச் சந்திலிருந்து அரை மைல் தள்ளி, ஒரு பீர்க்கடையின் பின்முற்றத்தில் குதிரைத் தொட்டியில் தலைகுப்புறக் கிடந்தேன். மூக்கு தண்ணீருக்குள் இருந்தது. அந்த வழியாக வந்த எஸ்ரா என் கோட்டுக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். முகம் துடைத்தான், பொத்தான் போட்டுவிட்டான். "ஏண்டா, உன் சார்ஜெண்ட் பாத்தா பொழப்பு போயிரும்டா, நடடா, கால எடுத்து வைடா," என்று சொல்லிக்கொண்டே என்னைத் தோளில் தாங்கி நடத்தி, நாலேகாலுக்குச் சந்தைக் குழாயடியில் நிமிர்த்தி நிறுத்திவிட்டுப் போனான். கல் விழுந்த நேரத்தில் அவன் தோளில் நான்தான் தொங்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான் நான்கு மணிக்கு எனக்கு அந்த ஒரு முகம் தெரிந்திருந்தது.

நீதிமன்றத்தில் நான் சாட்சி சொல்லி முடித்ததும், ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதிபதி அவனைக் கேட்டார். எஸ்ரா என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "நான் அங்க இல்லீங்க. எங்க இருந்தேன்னு சொன்னா இன்னொருத்தன் பொழப்புல மண்ணு விழும்ங்க," என்றான். கூட்டாளிகளைக் காட்டிக் கொடுக்க மறுக்கிறான் என்று நீதிபதி ஆறு மாதம் கூட்டிப் பதினெட்டாக்கினார்.

எனக்குத் துரைமார்கள் மேல் கோபம், டாக்டர் மேல் கோபம். ஆனால் எஸ்ராவின் மேல் இருக்கிற கோபத்துக்கு அதெல்லாம் உறை போடக் காணாது. யார் கேட்டார்கள் அவனை? குழந்தை வயிற்றில் இருக்கும்போது எனக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லி யார் அழுதார்கள்? அவன் செய்த முட்டாள்தனத்துக்கு அவனும் செத்தான், நானும் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குக் கூண்டில் நின்று ஒரு தரம், ஒரே ஒரு தரம், என் பெயரை அவன் சொல்லியிருந்தால் போதும். நானே எழுந்து உண்மையைச் சொல்லி அவனைக் காப்பாற்றியிருப்பேன்.